யாரும் பதற்றப்பட வேண்டாம்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த டைரி ஓசியில் வந்தது. பொங்கலுக்குக் கவுன்சிலர் தவசிலிங்கம் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் கொடுத்தார். அறிவிப்பு அறையில் உட்கார்ந்திருப்பதால் எனக்கும் ஒன்று கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க அவருடைய பல். கும்பிட்ட கையில் ஐந்து மோதிரம். தினமும் இதைப் பார்த்துவிட்டா எழுதுவது என்று மளிகைக்கடைக் காலண்டரிலிருந்து முருகனை வெட்டி மேலே ஒட்டினேன். பசை காய்ந்த பிறகு முருகனின் இடுப்புக்குப் பக்கத்தில் பல் தெரிகிறது. சகிக்கவில்லை.

பொங்கலிலிருந்து சும்மா கிடந்ததை இன்று எடுத்ததற்குக் காரணம் உண்டு. நான் மைக்கில் பேச ஆரம்பித்து இன்றோடு பத்தொன்பது வருடம். "மதுரை வழியாகத் திருச்சி செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது." இதையும் ஜவுளிக்கடை, மூல வைத்தியசாலை விளம்பரங்களையும் தவிர இத்தனை வருடத்தில் உருப்படியாக ஏதாவது பேசினேனா? ஒரே ஒரு தடவை பேசினேன்.

சேர்ந்த முதல் வாரம். நடைமேடையில் பூ விற்கிற பேச்சியின் மகள் தொலைந்துபோனாள், நாலு வயது. பச்சைப் பாவாடை, காலில் ஒற்றைக் கொலுசு என்று அடையாளம் சொல்லும்போதே எனக்கு வார்த்தை இடறியது. மைக்கை மூடக்கூடத் தெரியாது அப்போது. ஒரு மூச்சை இழுத்து விட்டுவிட்டு, "யாரும் பதற்றப்பட வேண்டாம்" என்றேன். அந்த மூச்சு பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்டது. பத்து நிமிடத்தில் கரும்புச்சாறு வண்டிக்கு அடியில் பிள்ளை கிடைத்தது. அன்றிலிருந்து யார் தொலைந்தாலும் அந்த மூச்சும் அந்த வாக்கியமும் என்னோடு ஒட்டிக்கொண்டன. பேச்சியும் ஒட்டிக்கொண்டாள். தினமும் என் ஜன்னல் கம்பியில் ஒரு முழம் கட்டிவிட்டுத்தான் அவள் கூடையைத் திறப்பாள்.

பக்கத்துக் கட்டணக் கழிப்பறையின் நாற்றத்தை அந்த ஒரு முழம்தான் இத்தனை வருடமாகத் தடுத்து நிறுத்தியிருக்கிறது.

பிப்ரவரி 4, புதன்

பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் ஆக்குகிறார்களாம். கழிப்பறைக்குக் கதவு போட ஆளில்லை, அதற்குள் ஸ்மார்ட்.

விளம்பரக் கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் பெருமாள்சாமிதான் எனக்குச் சம்பளம் தருகிறவர். அவர் கோயம்புத்தூரிலிருந்து ஹரிணி என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். லேப்டாப், முகத்துக்கு நேரே ஒரு மைக்.

"வேணிம்மா, இனிமே நீ தொண்டத்தண்ணி வத்தக் கத்த வேண்டாம். நீ டைப் அடிச்சிட்டு பட்டனத் தட்டு. உன் கொரல்லயே கம்ப்யூட்டர் பேசும்" என்றார்.

அதற்கு மூன்று நாள் நான் வாசிக்க வேண்டுமாம். ஊர்ப்பெயர், எண்கள் எல்லாம் சரி. நடுவில் "எனக்குப் பயமாக இருக்கிறது", "உங்கள் வீடு எங்கே?", "என்னை நம்புங்கள்" என்றெல்லாம் வந்தது.

"பஸ்ஸுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எல்லா உணர்ச்சியும் வேணும்க்கா. அப்பதான் நீங்க பேசற மாதிரியே இருக்கும்."

பதினாலு பக்க இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

வாசித்து முடித்தாயிற்று. போட்டுக் காட்டினாள். என் குரல்தான், ஆனால் குளித்துப் பவுடர் போட்ட குரல். "மூச்சு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தேவையில்லாத சத்தம்க்கா. சிஸ்டமே வெட்டிரும்."

நல்ல பெண். போகும்போது என் காலில் விழப் பார்த்தாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன், தரை அப்படி.

பிப்ரவரி 9, திங்கள்

கம்ப்யூட்டர் பேச ஆரம்பித்துவிட்டது. ரிப்பன் வெட்டக் கவுன்சிலர் வந்தார். மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசினார். அவர் போன பிறகு மைக் பஞ்சைக் கழற்றி டெட்டால் போட்டுத் துவைத்தேன்.

மதியம் பேச்சி ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏ வேணி, ஒடம்புக்கு என்ன? காலையிலருந்து மூச்சே விடாமப் பேசுற?"

மிஷின் என்று சொன்னேன். நம்பவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் நான் ராஜபாளையம் பஸ்ஸைக் கூப்பிடுவதைக் கேட்டதும் அவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நல்லாவா இருக்கு இது? ஆளு இருக்கையிலயே ஆவி பேசுன மாதிரி" என்றாள்.

பிப்ரவரி 11, புதன்

இன்று வேலை நேரத்தில் நான் வாய் திறந்து சொன்னது மொத்தம் இரண்டு வார்த்தை. டீ வேண்டாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பட்டனைத் தட்ட எதற்கு இவ்வளவு சம்பளம் என்று பெருமாள்சாமி யோசிக்கிறாராம். நேரடியாகச் சொல்ல மாட்டார். "கவுன்சிலர் மனசு வச்சா நகராட்சியிலயே ஆபரேட்டரா நிரந்தரமாக்கிருவாரு. நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார். அனுசரிச்சு என்ற சொல்லை நாக்கைச் சுழற்றிச் சொன்னார். ஆனாலும் சரிங்கண்ணே என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் நாள் முழுக்கப் போனும் கையுமாக இருக்கிறார். மில்லிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து கவுன்சிலரின் வாட்ஸப் குரூப்தான் அவருக்கு வேலை. காலையில் கண் பீளையைத் துடைப்பதற்கு முன் பத்துப் பேருக்கு ஃபார்வர்ட் பண்ணிவிடுவார். இன்று எனக்கும் ஒன்று அனுப்பினார். பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் அறுபத்திரண்டு வீட்டையும் எடுத்துவிட்டு வணிக வளாகம் வரப்போகிறதாம், அடுத்த மாதம் அமைச்சர் அடிக்கல் நாட்டுகிறாராம். கண்ணாடிக் கட்டடம், நீரூற்று, கோட் போட்ட வெள்ளைக்காரர்கள். படத்தில் இருக்கிற ஒருவரும் எங்கள் ஊர்க்காரர் இல்லை.

ஓடைக்கரையில்தான் பேச்சி வீடு. கேட்டதற்கு, "வருசா வருசம் சொல்றாய்ங்க. போன வருசம் பொக்லைன் வந்துச்சுல்ல, நாங்க பொம்பளையெல்லாம் அது முன்னாடி படுத்தோம். திரும்பிப் போச்சு. ஆளு வீட்டுல இருக்க வரைக்கும் ஒரு செங்கலத் தொட முடியாது" என்றாள். சொல்லிக்கொண்டே பூவைக் கட்டினாள், கை நிற்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

வழக்கமான வேலை. கவுன்சிலர் அலுவலகத்திலிருந்து வந்ததைப் பெருமாள்சாமி வாட்ஸப்பில் அனுப்பினார். டைப் அடித்து, குரலாக்கித் திருப்பி அனுப்பினேன். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போடுவதற்காம்.

"ஓடைக்கரை பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. உங்கள் வீடுகளுக்குப் பட்டா வழங்கும் முகாம் வருகின்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்சவல்லி மஹாலில் நடைபெறும். முகப்பதிவு செய்ய வேண்டியிருப்பதால் நோயாளிகள் உட்படக் குடும்பத்தில் உள்ள அனைவரும் தவறாமல் நேரில் வரவும். யாரும் பதற்றப்பட வேண்டாம்."

பட்டா கொடுக்கிறார்கள் என்றால் யார் எதற்குப் பதறப் போகிறார்கள் என்று நினைத்தேன். பட்டனைத் தட்டினேன்.

இரவுக்குக் கோதுமை உப்புமா. அவர் சாப்பிடும்போதும் போன்.

பிப்ரவரி 25, புதன்

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பேச்சி வந்து, "நேத்து ஆட்டோவுல பேசுனது நீ இல்லேல்ல?" என்றாள்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மூச்சு இல்லையே. நீ பதறாதீங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு விடுவேல்ல. எங்க தெருவுல சின்னப் பிள்ளைக கூடச் சொல்லுது, இது பஸ் ஸ்டாண்ட் அத்த இல்ல, மிஷினுன்னு. ஒரு வீட்டுல கூட நம்பல. மிஷினு கூப்புட்டா வீட்டப் பூட்டிட்டுப் போயிருவமா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாலையில் பெருமாள்சாமி வந்தபோது அவரிடமும் சொன்னேன். உங்க கம்ப்யூட்டர் லட்சம் லட்சமா முழுங்கி என்னண்ணே, என் மூச்சுக்கு முன்னாடி நிக்கலையே என்றேன். அவரும் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.

பிப்ரவரி 26, வியாழன்

கழிப்பறைக்குப் பின்னால் இரண்டு பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நடக்க வழியில்லை. டிரைவர்கள் வெற்றிலையைப் போட்டுச் சுவர் முழுக்கத் துப்பி வைத்திருக்கிறார்கள். ஜென்மங்கள்.

மதியம் கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். ஏலக்காய் டீ கொடுத்தார்கள். ஏசி அதிகம்.

வீட்டுக்கு வந்து மூன்று தடவை உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். உளுந்து ஊறப்போட மறந்துபோனது.

பிப்ரவரி 27, வெள்ளி

ஜன்னலில் இன்று இரண்டு முழம். நான் வருவதற்கு முன்பே கட்டியிருந்தாள். பதினோரு மணிக்கு நாலாவது நடைமேடையிலிருந்து கையை ஆட்டி, "நாளைக்கு மஹாலுக்கு ஆட்டோ சொல்லப் போறேன். அவரத் தூக்கிட்டுப் போகணும்ல" என்று கத்தினாள். அவள் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் மூன்று வருடமாகப் படுக்கை. கூடையை மூடிவிட்டு வேகவேகமாகப் போய்விட்டாள்.

மைக் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பிப்ரவரி 28, சனி

இடித்துவிட்டார்கள்.

பத்தே முக்காலுக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடித்துவிட்டார்கள். என் அறையிலிருந்து தூசி தெரிந்தது. ஓடைக்கரையில் அப்போது நாய்களைத் தவிர யாரும் இல்லை. எல்லோரும் மஹாலில் வரிசையில் நின்றார்கள். கோர்ட்டுக்கும் இன்று விடுமுறை. எல்லாம் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் நாள் முழுக்க பஸ்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை கூடக் குரல் பிசகவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

நாலாவது நடைமேடையில் பேச்சி உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் குடம், கிரைண்டர் கல், ஒரு மூட்டைத் துணி. பக்கத்தில் பாயில் அவள் வீட்டுக்காரர். இடிந்ததில் கையால் தோண்டி எடுத்தது இவ்வளவுதான். பேன்டேஜ் சுற்றிய விரலோடு பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளே சொன்னாள்.

மஹாலில் ஒவ்வொருவரையும் போன் முன்னால் நிறுத்திக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூடித் திறந்தால் டிக் விழுமாம். பட்டாவுக்கு என்று நினைத்து எல்லோரும் சிமிட்டியிருக்கிறார்கள். பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளிக் கொம்பையாபுரத்தில் கட்டியிருக்கும் அடுக்கு வீட்டுக்குப் போக மனமாரச் சம்மதிக்கிறேன் என்பதற்கு அந்த டிக்.

"இவருக்கு எடது கண்ணு மூடாதுல்ல, வாதத்துல இழுத்துக்கிச்சுல்ல. மிஷினு ஒத்துக்கவே இல்ல. கவுன்சிலரு ஆளு ஒருத்தன் வந்தான். பெருவெரல வச்சு எமைய இழுத்து மூடுனான். தெறந்தான். மூடுனான். டிக்கு விழுற வரைக்கும். நான் பக்கத்துல நின்னு, கொஞ்சம் பொறுத்துக்கங்க, பட்டா வந்துரும்னு இவருகிட்டச் சொல்லிட்டிருந்தேன்."

அந்தக் கண்ணில் இன்றும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. புகையிலை வாடை அடிக்கிற விரலாக இருந்திருக்கும்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "வேணி, ரெண்டாவதா வந்துச்சே, மூச்சோட. அது நீயா?"

மிஷின்தான் என்றேன். "மூச்சையும் சேத்துட்டாய்ங்க போல."

"அதானே" என்றாள் பேச்சி. "நீயாவது இப்படிச் செய்றதாவது."

மார்ச் 3, செவ்வாய்

பேச்சி குடும்பத்தையும் கொம்பையாபுரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மூன்றாவது மாடி. அவள் வீட்டுக்காரரை நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்களாம். அங்கிருந்து இங்கே வர ஒரே ஒரு டவுன் பஸ், திரும்பக் கடைசி வண்டி ஏழு பத்துக்கு. பூ வியாபாரம் சூடு பிடிப்பதே ஏழு மணிக்குமேல், ஆபீஸ் விட்டு, கோயிலுக்குப் போய் வருகிற நேரம். பாதிக் கூடையோடு கிளம்புகிறாள். இருந்தும் காலையில் என் கம்பியில் ஒரு முழம் இருந்தது.

ஊரே என்மேல் இரக்கப்படுகிறது. டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன் என்கிறார். "உங்க கொரலத் திருடிட்டாய்ங்களேக்கா" என்று கண்டக்டர்கள் வந்து வந்து கேட்கிறார்கள். யூடியூப் சேனல் ஒன்று வந்தது. குரல் திருடப்பட்ட பெண் என்று தலைப்பு வைத்து என்னைப் பேச வைத்தார்கள். அழச் சொன்னார்கள். அழுதேன். நன்றாகவே அழுதேன்.

வீட்டுக்காரர் அதை முப்பத்தேழு குரூப்புக்கு அனுப்பியிருக்கிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "நல்லாப் பேசுன" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

கவுன்சிலர் என் அறைக்கே வந்தார். ஸ்வீட் பாக்ஸ். நிரந்தர ஆபரேட்டர் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருக்கிறதாம்.

"மிஷின் மேலப் பழியப் போட்டீங்க பாருங்க வேணிம்மா, நானே யோசிக்கல. மிஷின் மேல யாரு கேஸ் போடுவா?" என்று என் தோளைத் தட்டினார். ஐந்து மோதிரமும் தோளில் பட்டன. மைசூர்பாக்கைக் கழிப்பறை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போட்டேன். அது தின்றது.

மாலையில் ஹரிணி போன் பண்ணினாள். "அக்கா, நாங்க மூச்சு சேக்கவே இல்லக்கா. அந்த ஆடியோ எங்க சிஸ்டத்துல உருவானதே இல்ல, எல்லாத்துக்கும் பதிவு இருக்கு. ஆனா எல்லாரும் எங்களத்தான் திட்றாங்க. என்ன வேலைய விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. அது யாரு பேசினதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

டைரியைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். பிப்ரவரி 26. ஏலக்காய் டீ. ஏசி அதிகம். உப்புத் தண்ணீர். பேசாமல் இருந்தவளுக்கு எதற்கடி மூன்று தடவை கொப்பளிப்பு? யாருக்குப் பயந்து என் டைரியிலேயே நான் பொய் எழுதினேன்? முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிற பல்லுக்கா?

இப்போது எழுதுகிறேன். அன்று கவுன்சிலர் அலுவலகத்தில் மேஜைமேல் ஒரு மைக் இருந்தது. பெருமாள்சாமி என் மூச்சு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். நான் பெருமையாகச் சொன்னதை.

"ஒரே ஒரு தடவ, நீங்களே சொல்லிருங்க. ஜனங்களுக்கு உங்க மேலதான் நம்பிக்க" என்றார் தவசிலிங்கம்.

"எதுக்குங்க எல்லாரும் வரணும்? நோயாளி எதுக்கு?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை எழுதிக்கொள்கிறேன், பெரிய யோக்கியதை என்று நினைத்துக்கொள்ள உதவும். அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார். "பட்டியல் திங்கக்கெழம போகுது" என்றார்.

எனக்குத் தெரியும். கழிப்பறைக்குப் பின்னால் இரண்டு பொக்லைனைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போனேன். அன்றைக்கு என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், வழியை மறித்து நிற்கிறது, துப்பி வைத்திருக்கிறார்கள் என்று. துப்பியதைப் பார்த்தவளுக்கு அது எதற்கு நிற்கிறது என்று தெரியாதா? ஆள் வீட்டில் இருக்கிற வரைக்கும் தொட முடியாது என்று பேச்சி சொன்னது காதில் இருந்ததே.

மைக்கை எடுத்தேன். வாசித்தேன். கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சை இழுத்து விட்டேன். அது தானாக வரவில்லை, வேண்டுமென்றே விட்டேன். முதல் தடவை சரியாக விழவில்லை என்று நானே இன்னொரு தடவை எடுக்கச் சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை. நானே சொன்னேன். தொழில் சுத்தம்.

அறுபத்திரண்டு குடும்பமும் மிஷினை நம்பவில்லை. அது பாவம், அதற்குக் கூட்டிக்கொடுக்கத் தெரியவில்லை. என்னால் முடிந்தது.

சீ.

மார்ச் 8, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். வீடு கழுவினேன். பரணில் இருந்த பாத்திரத்தையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். எதைத் தேய்த்தும் ஆகவில்லை.

மார்ச் 9, திங்கள்

மாலை ஆறு மணி, பஸ் ஸ்டாண்ட் நிறைந்து இருக்கிற நேரம். கதவை உள்தாழ் போட்டேன். கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினேன். ஒரு மாதமாகத் தொடாத மைக். பஞ்சில் பூஞ்சை வாடை. பிடித்துக்கொண்டு பேசினேன்.

"பயணிகள் கவனத்திற்கு. நான் திலகவேணி. அறிவிப்பு அறையிலிருந்து பேசுகிறேன். மிஷின் இல்லை. ஓடைக்கரை ஆட்டோவில் இரண்டாவதாக வந்த குரல் என் குரல். கவுன்சிலர் தவசிலிங்கம் கேட்டார், நான் தெரிந்தே பேசினேன். என் வேலைக்காகப் பேசினேன். மஹாலில் உங்கள் கண்ணை மூட வைத்து வாங்கியது சம்மதம் இல்லை. வழக்குப் போடுங்கள், நான் வந்து சாட்சி சொல்கிறேன்."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பழக்கம் விடவில்லை. ஒரு மூச்சு தானாக வந்தது. "யாரும் பதற்றப்பட வேண்டாம்" என்று சொல்லி முடித்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாரும் பதறவில்லை. ஒருத்தர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு காலேஜ் பெண்கள் ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்தார்கள். "மிஷினு மறுபடியும் ஒளற ஆரம்பிச்சிருச்சு" என்று ஒரு கண்டக்டர் சொல்வது கேட்டது. டீக்கடைக்காரர் கதவைத் தட்டி, "அக்கா, உள்ள இருக்கீங்களா, யாரோ உங்க சிஸ்டத்துக்குள்ள பூந்துட்டாய்ங்க, ஆப் பண்ணுங்க" என்றார். நான்தான் பேசினேன் என்றேன். "நீங்க பாவம்க்கா, மனசு கொழம்பிப் போயிருக்கீங்க" என்று தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்.

நாலாவது நடைமேடையில் பேச்சி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. ஏழு பத்து பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் அவர் போனைக் காட்டினார். பஸ் ஸ்டாண்டில் நான் பேசியது குரூப்பில் வந்திருந்தது, கீழே சிவப்பு எழுத்தில்: 'போலிக் குரல். எதிர்க்கட்சியின் சதி. நம்பாதீர், பகிராதீர்.' நம்பாதீர் என்று போட்டு அவரே பகிர்ந்திருக்கிறார். செயற்கைக் குரலில் அவதூறு பரப்புவதாகக் கவுன்சிலர் போலீசில் மனுக் கொடுத்திருக்கிறாராம். என்னைப் பாதிக்கப்பட்டவள் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறாராம்.

"நான்தாங்க பேசுனேன்" என்றேன்.

போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சும்மா இருடி. எவ்வளவு தத்ரூபமாப் பண்றாய்ங்க பாரு" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் ஹரிணிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டும் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "தேங்க்ஸ்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

பெருமாள்சாமி வந்து மைக்கைக் கழற்றிக்கொண்டு போனார். கம்ப்யூட்டருக்கு ஆள் வந்து ரிப்பேர் பார்த்தான். அதில் ஒரு ரிப்பேரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜன்னல் கம்பியில் பூ இல்லை. நேற்றைய முழம் வாடிப் பழுப்பாகிக் கிடந்தது. மதியம் கழிப்பறை வாடை தாங்காமல் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு பஸ் விசாரிக்க என் ஜன்னலில் நாலைந்து பேர் நின்றார்கள். பையோடு ஒரு பெரியவர் கோவில்பட்டி வண்டியைக் கேட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கை கம்பியைப் பிடித்தது. பேன்டேஜ் சுற்றிய விரல். பேச்சி. இடுப்பில் கூடை, பாதிக்குமேல் விற்காத பூ.

உள்ளே வா என்று எழுந்தேன். அவள் நகரவில்லை. கண்ணை என் முகத்தில் வைத்து, முன்பின் தெரியாத பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவள் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மேடம், கொம்பையாபுரம் போற கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"

இந்த பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். டயர் சத்தத்தை வைத்தே ஊர்ப்பெயர் சொல்வாள்.

"ஏழு பத்து. அஞ்சாவது நடைமேடை" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவருக்கு வழி விட்டாள்.